வெயில் மேல் போன பழி: ப்ராசஸர் கூலர் சரியாக உட்காராத ஒரு நிகழ்வு

வேலூர் சாத்துவாச்சாரியில் இயங்கும் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் எடிட்டிங் கம்ப்யூட்டர் பற்றிய ஆய்வு இது. கீழே கடை. மேலே சிமெண்ட் ஷீட் போட்ட மாடியறையில் ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் நடக்கின்றன. வேலை குவிவது வைகாசி முகூர்த்தங்களில். வேலூரில் கத்திரி கொளுத்துவதும் அதையொட்டித்தான். வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஷீட்டுக்கடியில் இருக்கும் அறை பொழுது சாய்ந்த பிறகும் ஆறுவதில்லை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் எடுத்த பதிவுகளைக் கோத்து ரெண்டர் (முழு வீடியோவாக்கும் வேலை) போட்டபோது, ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஒன்றரை மணி நேரத்தை நெருங்கியது. "வெயிலுக்குத்தான் சார் இப்படி இழுக்குது, ஒரு மழை பெஞ்சா சரியாயிடும்" என்றார் உரிமையாளர்.

வெயிலும் ஒரு காரணம்தான். ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட முடியும். காற்றால் குளிரும் எந்தக் கூலரும் அறை வெப்பத்துக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் ப்ராசஸரை வைத்திருக்கும். அறை 10 டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும், அவ்வளவுதான். மார்கழியில் 65 டிகிரியில் ஓடிய கம்ப்யூட்டர் கத்திரியில் 80-க்குப் போகலாம். 100-ஐத் தொட்டுத் திணறுகிறது என்றால் வெயிலைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது.

கம்ப்யூட்டரும் அதற்கு முன்பு செய்த வைத்தியங்களும்

கோர் ஐ5-12400 ப்ராசஸர், பி660 சிப்செட் மதர்போர்டு, தனி கிராபிக்ஸ் கார்டு, நான்கு ஹீட்பைப்பும் (சூட்டைக் கடத்தும் குழாய்) ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள டவர் கூலர். பாகங்களைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்து உள்ளூரில் பூட்டியிருக்கிறார்கள். இந்த ப்ராசஸரின் அடிப்படை மின்திறன் 65 வாட், உச்ச டர்போ திறன் 117 வாட். எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது 4.0 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். தாங்கும் வெப்ப எல்லை 100 டிகிரி.

அந்த எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதனால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகாது, எச்சரிக்கையும் வராது, வேலை மட்டும் மெதுவாகும். கூலர் கோளாறு பலமுறை "ஸ்லோவா இருக்கு" என்ற புகாராக வந்து சேர்வது இதனால்தான். இங்கேயும் முதலில் செய்தது 16 ஜிபி ராமை 32 ஆக்கியது. பலன் இல்லை.

அடுத்து ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும், சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றினார்கள். சில வாரம் நன்றாக ஓடி, பழையபடி ஆனது. இரண்டாவது முறை இன்னும் தாராளமாகத் தடவினார்கள். மறுபடியும் அதே கதை. பிறகு அறைக்கு ஏசி வந்தது. அறை 28 டிகிரிக்கு இறங்கியும் ரெண்டர் நேரம் ஐந்து பத்து நிமிடம்தான் குறைந்தது. கடைசியாக கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டார்கள். சாலைத் தூசி முழுக்க உள்ளே வந்ததுதான் மிச்சம்.

இந்தத் தோல்விகளை ஒதுக்கிவிடக் கூடாது. கழற்றுவதற்கு முன்பே கிடைத்த சாட்சியங்கள் அவை. அறையைக் குளிர்வித்தும் மாறவில்லை என்றால் சூடு காற்றை வந்து சேரவே இல்லை. பேஸ்ட் மாற்றியதும் சரியாகி, பிறகு கெட்டால், சந்தேகம் பேஸ்டின் தரத்தின் மேல் அல்ல, அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய பூட்டின் மேல் போக வேண்டும்.

திறப்பதற்கு முன் அளந்தவை

அறை 36 டிகிரியில் இருந்தபோது, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ப்ராசஸர் பேக்கேஜ் வெப்பம், பேக்கேஜ் வாட், கோர் வேகம், தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) ஆகிய நான்கு வரிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை 10 நிமிடம் ஓட்டினோம். சும்மா இருக்கும்போது 58 டிகிரி. சோதனை தொடங்கிப் பத்து நொடிக்குள் 100. அதன் பிறகு வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது, வாட் 70-இலிருந்து 46-க்கு வந்தது, த்ராட்லிங் வரியில் "ஆம்" என்று விழுந்தது.

இதில் எண்ணைவிட ஏறிய விதம் முக்கியம். சரியாகப் பூட்டிய கூலரிலும் லோடு விழுந்த நொடியில் 15 முதல் 20 டிகிரி வரை குதிப்பது இயல்பு. அதற்குப் பிறகு ஹீட்சிங்கின் (சூட்டைக் காற்றுக்கு விடும் கூலரின் உலோகப் பகுதி) உலோகம் மெல்ல மெல்லச் சூடாக, வெப்பம் சில நிமிடம் எடுத்துத்தான் நிலைக்கு வரும். ஃபேன் நின்றுபோனாலும், தூசி அடைத்தாலும், கேபினட்டில் காற்றோட்டம் இல்லாவிட்டாலும் ஏற்றம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும். நொடிக் கணக்கில் எல்லையைத் தொட்டால், சூடு ஹீட்சிங்குக்குள் நுழையவே வழியில்லை என்று பொருள்.

உறுதி செய்ய ஹீட்சிங்கின் தகடுகளை அளந்தோம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் தவறான எண் வரும். கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அது சூடான பிறகு அதன் மேல் காட்ட வேண்டும். உள்ளே 100 டிகிரி இருக்கும்போது தகட்டில் 41. கருவி இல்லாதவர்கள் விரலாலேயே தெரிந்துகொள்ளலாம்: ப்ராசஸர் கொதிக்கும்போது ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் கோளாறு இரண்டுக்கும் நடுவில்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கூலர் ஃபேனின் ஒயர், மதர்போர்டில் சிபியு (ப்ராசஸர்) ஃபேன் என்று அச்சிட்ட இடத்தில் இல்லாமல், கேபினட் ஃபேனுக்கான இணைப்புப் பின்னில் செருகப்பட்டிருந்தது. அந்தப் பின் இந்த போர்டில் ப்ராசஸரின் வெப்பத்தைப் பார்த்து வேகம் மாற்றவில்லை, போர்டின் வெப்பத்தைப் பார்த்து மாற்றியது. அதனால் லோடு வந்தும் ஃபேன் சோம்பலாகவே சுற்றியது. சிபியு ஃபேன் பின் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் தொடங்கும்போதே பிழைச் செய்தி வர வேண்டும். மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸில் போய்ப் பார்த்தால் அந்தக் கண்காணிப்பை "இக்னோர்" என்று மாற்றி வைத்திருந்தார்கள். செய்தி நின்றது, காரணம் அப்படியே இருந்தது.

ஒயரை மட்டும் சரியான பின்னுக்கு மாற்றி மறுபடி ஓட்டினோம். 100 டிகிரியைத் தொட இன்னும் சில நொடி கூடியது, வேகம் 3.0-இல் நின்றது. ஒரே சமயத்தில் நான்கைந்தை மாற்றினால் எது உண்மையான காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஃபேன் ஒயர் துணைக் காரணம், மூலம் வேறு என்று இப்போது சொல்ல முடிந்தது.

பேஸ்டின் பதிவு சொன்னது

கூலரைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரைச் சில நிமிடம் ஓட விட்டால் பேஸ்ட் இளகியிருக்கும். பிறகு யூபிஎஸ்ஸையும் அணைத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விட்டு, முதலில் ஒரு சோதனை: கூலரை இரு கையாலும் பிடித்து லேசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியாகப் பூட்டியது அசையாது. இது அசைந்தது. கடிகார முள் போல் சுற்றவில்லை, ஆனால் மேலும் கீழுமாக ஆட்டம் இருந்தது.

கழற்றியதும் உடனே துடைக்கக் கூடாது. பலர் இந்த இடத்தில்தான் ஆதாரத்தை அழித்துவிடுகிறார்கள். கூலரின் அடியையும் ப்ராசஸரின் மேலுள்ள உலோக மூடியையும் அருகருகே வைத்துப் படம் எடுத்தோம். கேபினட் நிமிர்ந்து நிற்கும்போது கீழ்ப்பக்கமாக இருக்கும் விளிம்பில் பேஸ்ட் மெல்லிய சாம்பல் படலமாக, அடி உலோகம் தெரியும்படி இருந்தது. மேலே போகப்போகத் தடித்து, மேல்விளிம்பில் அரை மில்லிமீட்டர் கனத்தில் வறண்டு கிடந்தது. கூலர் அடியின் மேல் மூலை ஒன்றில் பேஸ்ட் ஒட்டவே இல்லை, செம்பு புதிதாகப் பளபளத்தது. அங்கே இருந்தது வெறும் காற்று.

இந்த ப்ராசஸர் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் நன்றாகத் தெரிந்த இன்னொரு குறை உண்டு. சாக்கெட்டின் கவ்வி ப்ராசஸரின் நடுப்பகுதியை அழுத்துவதால், நீளவாக்கில் மூடி நடுவில் லேசாகக் குழியும். அதற்காக கவ்விக்குப் பதிலாக கான்டாக்ட் ஃப்ரேம் என்ற சட்டம் வாங்கிப் போடுகிறார்கள். அந்தக் குறையில் பேஸ்ட் நடுவில் தடித்து, நீளவாக்கின் இரு முனைகளிலும் மெலிந்திருக்கும். இங்கே ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குச் சரிவாகத் தடித்திருந்தது. ஆக இது வளைவு அல்ல, சாய்வு. ஃப்ரேம் வாங்கியிருந்தால் அந்தப் பணமும் ராமுக்குக் கொடுத்த பணத்தோடு போயிருக்கும்.

சாய்வு எங்கிருந்து வந்தது? கூலரைத் தாங்கும் நான்கு உலோகக் கால்களைப் பார்த்தோம். ஸ்டாண்டாஃப் என்று சொல்லப்படும் இவை மதர்போர்டின் பின்னால் இருக்கும் பேக்பிளேட்டோடு இணைந்து, மேலே வரும் பட்டைகளுக்கு உயரம் கொடுப்பவை. இந்தக் கூலரின் பெட்டியில் இரண்டு வகைக் கால்கள் வரும். ஒன்று எல்ஜிஏ 115எக்ஸ், 1200 சாக்கெட்டுகளுக்கு. மற்றது 1700-க்கு. துளைகளின் இடைவெளி முதல் வகையில் 75 மி.மீ., இரண்டாவதில் 78 மி.மீ. பேக்பிளேட்டின் துளைகள் நீள்வட்டமாக இருப்பதால் அதை 78-க்கு நகர்த்திச் சரியாகவே வைத்திருந்தார்கள். ஆனால் கால்கள் 1200-க்கானவை.

பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மரையும் பொருந்தும். வித்தியாசம் உயரத்தில். 1700 சாக்கெட்டில் பூட்டிய ப்ராசஸரின் மேற்பரப்பு, பழைய சாக்கெட்டைவிட ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கிறது. அதற்கேற்பக் கால்களும் குட்டையாக இருக்க வேண்டும். உயரமான கால்களைப் போட்டால் பட்டை மேலேயே நின்றுவிடும். ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் அது தன் எல்லையில் நின்றுவிடும், ஸ்க்ரூவோடு இருக்கும் ஸ்ப்ரிங் மட்டும் போதிய அளவு அமுங்காது. பூட்டியவர் கைக்கு "டைட்" என்றே தெரிந்திருக்கும். அவர் அவசரப்பட்டார் என்று சொல்ல முடியாது. பைகளின் மேலிருக்கும் சிறிய எண்ணைப் படிக்காததுதான் பிழை.

அழுத்தம் குறைந்த கூலருக்கு அடுத்த எதிரி அதன் எடையே. கேபினட் நிமிர்ந்து நிற்கும்போது மதர்போர்டு செங்குத்தாக இருக்கிறது, டவர் கூலர் அதிலிருந்து கிடையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. முனை கீழே இறங்கப் பார்க்கும், அடிப்பரப்பின் மேல்விளிம்பு ப்ராசஸரை விட்டு விலகும். பதிவில் தெரிந்த சரிவு இதுதான்.

முக்கால் மில்லிமீட்டருக்கு இவ்வளவா?

கணக்கு சிறியது, போட்டுப் பார்க்கத் தகுந்தது. 30 மி.மீ. நீள அகலமுள்ள பரப்பில் 70 வாட் சூடு கடக்க வேண்டும். நடுவில் 0.05 மி.மீ. கனத்தில், மீட்டருக்கு கெல்வினுக்கு 4 வாட் கடத்தும் சாதாரண பேஸ்ட் இருந்தால், இழப்பு ஏறத்தாழ 1 டிகிரி. அதே பேஸ்ட் அரை மில்லிமீட்டர் கனமானால் 10 டிகிரி. காற்றின் கடத்துதிறனோ 0.026 மட்டும். 0.1 மி.மீ. காற்று இடைவெளி முழுப் பரப்புக்கும் இருந்தால் கணக்கில் 300 டிகிரி வித்தியாசம் வேண்டும். நடைமுறையில் சூடு ஒட்டியிருக்கும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். மூடிக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு மூடியைவிடச் சிறியது என்பதால், சூடு ஒரு சிறு இடத்திலேயே குவிந்து நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

பேஸ்ட் மாற்றியதும் சில வாரம் நன்றாக ஓடியதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. தாராளமாகத் தடவிய புது பேஸ்ட் காற்று இடைவெளியை நிரப்பியது. காற்றைவிட பேஸ்ட் நூறு மடங்குக்கு மேல் கடத்தும், அதனால் வெப்பம் சட்டென இறங்கியது. ஆனால் அழுத்தம் இல்லாத தடித்த பேஸ்ட் நிலைக்காது. சூடாகி ஆறும்போது நகரும், எண்ணெய் பிரியும், ஆட்டத்தில் விலகும். மீண்டும் காற்று புகும். பேஸ்டின் வேலை இரு உலோகங்களின் நுண்ணிய மேடுபள்ளத்தை நிரப்புவது மட்டுமே. உலோகங்களை நெருக்கிப் பிடிப்பது ஸ்ப்ரிங்கின் வேலை. ஒன்றின் குறையை மற்றொன்றால் சரிக்கட்ட முடியாது.

மறுபடி பூட்டியது

கூலர் வந்த அட்டைப்பெட்டி ஸ்டுடியோவின் பரணில் பத்திரமாக இருந்தது. உள்ளே 1700 என்று எண் போட்ட பை பிரிக்கப்படாமல் கிடந்தது. புதிதாக எந்தப் பாகமும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

பழைய பேஸ்டை முதலில் பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் வழித்து, பிறகு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தோம். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், படலம் தங்கும். பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம். பழைய வேட்டித் துணி நூல் விடும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி நல்லது. துடைத்த பிறகு இரும்பு ஸ்கேலின் ஓரத்தைக் கூலர் அடியில் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, தட்டையாக இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது.

பேக்பிளேட்டைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, குட்டையான நான்கு கால்களையும் கையாலேயே முடிந்தவரை திருகி, கடைசியில் மட்டும் ஸ்க்ரூடிரைவர் வைத்தோம். நான்கும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று வெர்னியரில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்று மரை மாறி ஏறியிருந்தால் பட்டை அங்கே தூக்கிக்கொண்டு நிற்கும்.

பேஸ்ட்: 1700 ப்ராசஸர் நீள்சதுரம் என்பதால் நடுவில் துவரம்பருப்பு அளவு ஒரு பொட்டு, நான்கு மூலைக்கும் 2 மி.மீ. அளவில் ஒவ்வொரு பொட்டு. விரலால் தேய்த்துப் பரப்பத் தேவையில்லை, அழுத்தமே பரப்பும். கூலரை நேராக மேலிருந்து இறக்க வேண்டும். வைத்த பிறகு தூக்கித் தூக்கி இடம் பார்த்தால் காற்றுக் குமிழ்கள் புகும்.

ஸ்க்ரூ முறுக்குவதில்தான் பொறுமை வேண்டும். இந்தக் கூலரில் இரண்டே ஸ்க்ரூ. முதலில் இரண்டையும் மரை பிடிக்கும்வரை இரண்டு மூன்று சுற்று. பிறகு இதில் ஒரு சுற்று, அதில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி, தானாக நிற்கும்வரை. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பேஸ்ட் ஒருபுறமாக ஒதுங்கும், கூலரும் சாய்ந்தே பூட்டும். நான்கு ஸ்க்ரூ உள்ள கூலர் என்றால் எதிரெதிர் மூலைகளாகப் போக வேண்டும். கை ஸ்க்ரூடிரைவர் மட்டுமே. மெஷின் ஸ்க்ரூடிரைவர் நிற்கும் இடத்தை உணராது, மரையை அறுத்துவிடும்.

முதலில் பூட்டியதை அப்படியே விடாமல் ஒருமுறை கழற்றிப் பதிவைப் பார்த்தோம். மூடி முழுவதும் ஒரே சீரான மெல்லிய படலம். சந்தேகம் தீர்ந்ததும் துடைத்துவிட்டுப் புதிய பேஸ்டோடு இறுதியாகப் பூட்டினோம். பிரித்த பேஸ்டை மீண்டும் அழுத்தினால் குமிழ் மாட்டும், அதனால் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

ஃபேனின் திசையும் பார்க்க வேண்டியதே. பிளாஸ்டிக் குறுக்குக் கம்பிகள் இருக்கும் முகம் வழியே காற்று வெளியேறும். அந்த முகம் ஹீட்சிங்கைப் பார்த்து, ஹீட்சிங்க் கேபினட்டின் பின்பக்க ஃபேனைப் பார்த்து இருக்க வேண்டும். ஒயரை சிபியு ஃபேன் பின்னில் செருகி, இறக்கையில் உரசாமல் கட்டி, பயாஸில் கண்காணிப்பைத் திரும்ப இயக்கினோம். பக்கக் கதவையும் மாட்டினோம். கதவு திறந்திருந்தால் முன் ஃபேன் இழுக்கும் காற்று கூலரைச் சேராமலே வழியில் சிதறும்.

அறை அதே 36 டிகிரி. சும்மா இருக்கும்போது 43. சோதனை தொடங்கியதும் 60-ஐத் தாண்டி, பத்து நிமிட முடிவில் 75-இல் நின்றது. 70 வாட், 4.0 கிகாஹெர்ட்ஸ், த்ராட்லிங் இல்லை. டேப் ஒட்டிய தகடு இப்போது 52 காட்டியது. ஹீட்சிங்க் முன்பைவிடச் சூடாக இருப்பதுதான் நல்ல செய்தி, சூடு வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. பின்னர் அறை 39-க்குப் போன ஒரு பிற்பகலில் அதே சோதனையில் 78. வெயில் ஏற்றிய மூன்று டிகிரிதான் ப்ராசஸரிலும் ஏறியது.

மற்ற வகைக் கூலர்களில்

இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் ஸ்க்ரூ இருக்காது, நான்கு பிளாஸ்டிக் புஷ்பின்கள். எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றிலும் கிளிக் கேட்க வேண்டும். மேலிருந்து பார்த்து நம்பக் கூடாது. மதர்போர்டைத் திருப்பி, வெள்ளைக் கால்களின் பிளவு நடுவே கருப்பு முனை முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று நான்கிலும் பார்க்க வேண்டும். தலையில் உள்ள அம்புக்குறியின் திசை கழற்றுவதற்கானது, பூட்டுவதற்கு அல்ல. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு திருப்பிவிடுவதால் ஒரு மூலை தூக்கி நிற்பது அடிக்கடி நடக்கிறது.

ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் ப்ராசஸர் சாக்கெட்டில் பின்களால் மட்டும் பிடிபட்டிருக்கும். காய்ந்த பேஸ்டோடு கூலரை நேராகத் தூக்கினால் ப்ராசஸரும் பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். சூடாக்கி, இடமும் வலமும் லேசாகத் திருப்பி, பிடி விட்ட பிறகே தூக்க வேண்டும். அதில் பிராக்கெட் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பின்னால் இருக்கும் பேக்பிளேட் விழுந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதுக் கூலர் எதுவானாலும் அடியில் ஒட்டியிருக்கும் ஒளிபுகும் பாதுகாப்பு ஸ்டிக்கரை உரித்தாயிற்றா என்று பூட்டும் முன் விரலால் தடவிப் பார்ப்பது நொடி வேலை.

இந்த ஸ்டுடியோ கம்ப்யூட்டர் சில நாட்களில் மண்டபத்துக்கும் போகிறது. எடுத்துச் செல்லும்போது கேபினட்டை நிமிர்த்தி வைக்காமல், மதர்போர்டு கிடையாக, கூலர் அதன் மேல் நேராக நிற்கும்படி படுக்க வைத்துக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறோம். அப்போது குலுங்கினாலும் எடை ப்ராசஸர் மேல் நேராக இறங்கும், பட்டையை ஒருபுறம் இழுக்காது. மிச்சமிருந்த 1200 கால்களைத் தனி உறையில் போட்டு, எந்த சாக்கெட்டுக்கு உரியவை என்று எழுதி, கேபினட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.